வைகாசிக் கன்றும் ஐப்பசிக் கன்றும்

(மல்லாங்கிணறு பகுதியில் கல்லூரி மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றின் தொடக்க நாளில், புரட்டாசி மாதம் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அடுத்த ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி உங்கள் கல்லூரியில் மரக்கன்று நடாதீர்கள். ஜூலை முதல் வாரத்திலும் நட வேண்டாம்.

காடும் நிலமும் காக்கப் பேச வந்தவர் இப்படியா தொடங்குவது என்று சிலர் முகம் கேட்கிறது. காரணம் சொல்கிறேன். ஐக்கிய நாடுகள் சபை 1972-இல் ஸ்டாக்ஹோமில் கூட்டிய மாநாட்டின் நினைவாக வந்தது ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். வன மகோத்சவத்தை 1950-இல் தொடங்கிவைத்தவர் அன்றைய மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர் கே.எம். முன்ஷி, அது ஜூலை முதல் வாரத்தில் நடக்கிறது. தென்மேற்குப் பருவமழை நனைக்கிற நாட்டின் பெரும்பகுதிக்கு அது பொருத்தமான காலம். கன்றை ஊன்றிவிட்டு வந்தால் மீதியை வானம் பார்த்துக்கொள்ளும். நம் விருதுநகர் மாவட்டமோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. ஜூன் 5 நமக்கு வைகாசி 22. கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம். அதன் பிறகு ஆனியும் ஆடியும் வருகின்றன, மேல்காற்றோடு. அந்தக் காற்றுதான் இலையில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. வைகாசியில் நட்ட கன்றுக்கு மழை வேண்டுமென்றால் அது ஐப்பசி வரைக்கும் காத்திருக்க வேண்டும். நாலு மாதம் குடம் குடமாக ஊற்றினால் பிழைக்கும். யார் ஊற்றுவது?

இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. இது இங்கே உட்கார்ந்திருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடு முழுக்க ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னாலும், இந்த மானாவாரிக் கரிசல்காரர்கள் புரட்டாசிப் பட்டத்துக்குத்தான் விதைப் பெட்டியை எடுக்கிறார்கள். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. கரிசலுக்கு அந்த நிலையம் சொல்லிவந்த முக்கியமான பாடம், பருவமழை இறங்குவதற்குச் சற்று முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிட வேண்டும் என்பது. முதல் மழையின் ஈரம் ஒரு சொட்டும் வீணாகாமல் விதைக்குப் போய்ச் சேரும். சோளத்துக்கும் பருத்திக்கும் சரியான இந்தக் கணக்கு வேம்புக்கும் பனைக்கும் மட்டும் பொருந்தாமல் போகுமா?

இதில் எனக்கு மகிழ்ச்சி தருகிற ஒரு பொருத்தம் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது 1969 செப்டம்பர் 24. காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு அது தொடங்கியது. தமிழ்நாடு அரசின் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் 2022-இல் அதே செப்டம்பர் 24 அன்றுதான் தொடங்கியது. மாநிலத்தின் வனம், மரப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் இலக்கு. செப்டம்பர் 24 என்றால் புரட்டாசி முதல் வாரம் முடிகிற சமயம். தென்மாவட்டத்துக் கல்லூரிகள் எல்லாம் தங்கள் மரம் நடும் விழாவை வைகாசியிலிருந்து எடுத்து இந்த நாளில் வைத்துக்கொண்டால், வேறு எந்தச் செலவும் செய்யாமல் பிழைக்கிற கன்றுகளின் எண்ணிக்கை கூடும். ஜூன் 5-ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. அன்றைக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது. போன புரட்டாசி, ஐப்பசியில் நட்டதில் எத்தனை கோடையைத் தாண்டின என்று எண்ணுங்கள். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். நூறு நட்டு இருபது பிழைத்திருந்தால் இருபது என்றே எழுதுங்கள். நட்ட கணக்கைச் சொல்கிற விழாக்களை நிறையப் பார்த்துவிட்டோம். பிழைத்த கணக்கைச் சொல்கிற விழா ஒன்று நம் கல்லூரிகளில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அடுத்தது, எங்கே நடுவது என்ற கேள்வி. நடுவதைவிட இது பெரிய கேள்வி.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் சாலையில் இரண்டு பக்கமும் பாருங்கள். கம்மம்புல் தட்டை, உளுந்து, மல்லி, பருத்தி. இடையிடையே உழாமல் கிடக்கிற பொட்டல், அதில் கொழுக்கட்டைப் புல், ஆவாரை, துத்தி, இலந்தை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இந்தப் பொட்டலுக்குத் தரிசு என்று பெயர். தரிசு என்றதும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது வெறும் நிலம், எதையாவது கொண்டுவந்து நிரப்ப வேண்டிய நிலம் என்று தோன்றிவிடுகிறது. சிலர் வீட்டுமனைக் கல் ஊன்றுகிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் கமுதிக்கு அருகே 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. நல்லெண்ணம் உள்ளவர்கள் மரக்கன்று கொண்டுவருகிறார்கள். ஆட்டுக்கிடை போடுகிற கீதாரியிடம் கேட்டால் இந்தத் தரிசில் எந்த மாதம் எந்தப் புல் முளைக்கும், எந்த மூலையில் கௌதாரி முட்டையிடும் என்று சொல்லுவார். கௌதாரி, காடை, ஆள்காட்டி, வானம்பாடி எல்லாம் தரையில் கூடு வைக்கிற பறவைகள். அவற்றுக்கு மரநிழல் வேண்டாம். திறந்த வெளி வேண்டும். மழைக்காலத்துக்குப் பிறகு மத்திய ஆசியாவிலிருந்து வந்து தாழப் பறக்கிற பூனைப்பருந்துகளுக்கும் இந்த வெளிதான் இரை கொடுக்கிறது.

2023-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரமாக இருந்தவை முப்பதாயிரம் பேருக்கும் மேல் பதிவு செய்த மூன்று கோடி கண்டறிதல்கள். அந்த முப்பதாயிரம் பேரில் மாணவர்களும் இருக்கிறார்கள், ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அந்த அறிக்கை சொன்ன முக்கியமான செய்தி, புல்வெளி, பொட்டல், புதர்க்காடு போன்ற திறந்த நிலங்களை நம்பி வாழும் பறவைகள்தான் வேகமாகக் குறைந்துவருகின்றன என்பது. அதாவது மல்லாங்கிணற்றுத் தரிசில் இருக்கிற பறவைகள். இந்த மண்ணில் காடு காப்பது என்றால் முதலில் இந்த வெளியை வெளியாகவே விட்டுவைப்பது. கன்று நட வேண்டிய இடங்கள் தனியாக இருக்கின்றன: கண்மாய்க் கரை, ஊருணிக் கரை, சாலையோரம், பள்ளிக்கூட வளாகம், வரப்பு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பல்கலைக்கழகம் ஆயிரம் கன்றோடு ஒரு புல்வெளியில் இறங்கினால், அது நன்மை செய்ய வந்து ஒரு வாழிடத்தை அழித்துவிட்டுப் போகும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியில் யாரும் பேசி முடிக்க முடியாது. 2017-ஆம் ஆண்டை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. வழக்கறிஞர்களும் கல்லூரி மாணவர்களும் அரிவாளும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். பொக்லைன்கள் கண்மாய்களுக்குள் ஓடின. சில மாதங்களுக்குள் அதே நீதிமன்றத்தின் முதன்மை அமர்வு, இதன் விளைவுகளை அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்று இடைக்காலத் தடை போட்டது. அந்த எழுச்சியில் நல்ல மனசு இருந்தது. ஆனால் பல இடங்களில் மரத்தைத் தரைக்கு மேலே வெட்டிவிட்டுப் போனார்கள். வேரோடு எடுக்காத சீமைக்கருவேலம் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். நெற்றைத் தின்ற ஆடு போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகும். வெட்டின இடத்தில் வேறு எதுவும் ஊன்றாவிட்டால் அடுத்த மழையிலேயே அது திரும்பி வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பெரித்தன. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்கிற எந்த நிலப் பாதுகாப்பும் நிலைக்காது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு நிற்காமல், அகற்றிய இடத்தில் நாட்டுத் தாவரங்களை மீட்டெடுப்பதையும் அது சேர்த்தே பேசுகிறது. முகாம் போடுகிற கல்லூரிகளுக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது; ஆனால் ஒரு கண்மாயின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு நாலைந்து ஆண்டு விடாமல் செய்ய வேண்டிய வேலை அது.

இப்போது உங்களைக் கொஞ்சம் மேற்கே கூட்டிப்போகிறேன், சிவகாசிக்கு.

வானம் பொய்த்த பூமியில் விளைந்த தொழில் தீப்பெட்டியும் பட்டாசும். 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். மறு ஆண்டு சிவகாசியில் தொழில் தொடங்கியது. ஈரம் குறைந்த காற்று அதற்கு வாய்ப்பாக இருந்தது. ஆனால் தீக்குச்சிக்கான மென்மரம் இந்தக் கரிசலில் விளையவில்லை. மட்டியும் இலவும் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளத்திலிருந்து லாரிகளில் வந்தன. நம் மாவட்டத்தின் செழிப்பில் மலையாள நாட்டு மரங்களின் பங்கு இருக்கிறது. அந்தக் கடனை அடைக்கிற வேலையில் ஒரு பகுதியை மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி செய்துவருகிறது. பெருமரம் என்றும் தீக்குச்சி மரம் என்றும் சொல்கிறோமே, அதை விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே வளர்த்து ஆலைகளுக்குக் கொடுக்கிற ஏற்பாட்டை அந்தக் கல்லூரி ஊக்குவித்தது. விவசாயி, ஆலைக்காரர், ஆராய்ச்சியாளர் மூவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து விலை பேசவைப்பது ஒரு கல்வி நிறுவனம் நடத்தக்கூடிய மிகப் பயனுள்ள கூட்டங்களில் ஒன்று. வயலில் மரம் கிடைத்தால் காட்டின் மேல் விழுகிற கோடரி குறையும்.

தீப்பெட்டியில் சேர்ந்த பணத்திலிருந்து சிவகாசியில் 1963-இல் ஒரு கல்லூரி எழுந்தது. அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. அங்கே விலங்கியல் ஆசிரியராக இருந்த ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாங்குநேரியில் 1945-இல் பிறந்தவர், ஏ.ஜே.டி. ஜான்சிங். வகுப்பறையோடு நின்றுவிடாமல் விடுமுறை நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் நடந்தவர். 1976 முதல் 1978 வரை கர்நாடகத்துப் பந்திப்பூர் காட்டில் தங்கிச் செந்நாய்களை ஆராய்ந்தார். சுதந்திரமாகத் திரிகிற ஒரு பெரிய பாலூட்டியை இந்திய அறிவியலாளர் ஒருவர் காட்டிலேயே இருந்து முறையாக ஆராய்ந்தது அதுவே முதல் முறை என்று கருதப்படுகிறது. பின்னாளில் டேராடூனில் இருக்கும் இந்திய வனஉயிரின நிறுவனத்தில் 1985 முதல் 2005 வரை பணியாற்றி, இன்று நாடு முழுவதும் காடு காக்கிற அதிகாரிகளிலும் ஆய்வாளர்களிலும் பலரை உருவாக்கினார். 2024 ஜூன் மாதம் மறைந்தார். பட்டாசு ஊரிலிருந்த ஒரு கல்லூரி ஆசிரியர் இந்தியக் காட்டுயிர் ஆய்வுக்கு வழி போட்டார் என்பதை நம் மாவட்டப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? உங்கள் கல்லூரியில் அவர் பெயரில் ஆண்டுக்கு ஒரு நடைப்பயணம் வைக்கலாம். மேடை போட்டு மாலை மரியாதை செய்ய வேண்டாம். ஆசிரியர் முன்னால் நடக்க, பிள்ளைகள் பின்னால் நடந்து, பார்த்ததை எழுதினால் போதும்.

நடக்க இடமா இல்லை? ஸ்ரீவில்லிபுத்தூரின் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-இல் வந்தது. ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டில் ஐந்தாவது, நாட்டில் ஐம்பத்தொன்றாவது, 1,016 சதுர கிலோமீட்டர். கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் விடுதி மாடியிலிருந்தே அந்த மலையைப் பார்க்கலாம். வைப்பாறு, அர்ச்சுனா நதி இவற்றின் தலைமாடு அந்த மலைத்தொடர். மேற்கேயிருந்து இறங்கித் திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி வழியாகக் கமுதிக்குப் போகிற குண்டாறும் மலையடிவாரத்தில் பிறப்பதுதான். மலை வேறு, கரிசல் வேறு என்று இரண்டு நிகழ்ச்சியாகப் பிரிக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி எண்ணுவதைப் பற்றி. இதில் எனக்கு நம்பிக்கை அதிகம், அதனால் சற்று நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு 1942-இல் வைத்தம் என்ற காடு கொடையாக வந்தது. 1947-லிருந்து அங்கே ஒரு சிறு பறவையின் கூடுகளை, நம் பட்டாணிக் குருவியின் உறவுக்காரப் பறவை அது, ஒவ்வொரு வசந்தத்திலும் எண்ணிவருகிறார்கள். எந்தத் தேதியில் முதல் முட்டை, எத்தனை குஞ்சு, அவ்வளவுதான் கணக்கு. தலைமுறைகள் மாறியும் நோட்டு மாறவில்லை. பருவநிலை மாற்றம் என்ற பேச்சு உலகத்துக்கு வந்தபோது, அந்தப் பறவைகள் முன்பைவிட வாரக் கணக்கில் முந்தி முட்டையிடுகின்றன என்று காட்ட அவர்களிடம் ஆதாரம் இருந்தது. 1947-இல் எண்ணத் தொடங்கியவர்கள் அதை எதிர்பார்த்து எண்ணவில்லை.

நம்மிடமும் அந்த மரபு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தபோது சேலையூர்ப் புதர்க்காட்டின் ஒரு பகுதி அதன் வளாகமானது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அங்கே மரம் நட்டார். அதைவிட முக்கியமாக, அந்த வளாகத்தில் இருக்கும் செடிகொடிகளைப் பட்டியலிட்டார். தாவரவியல் அவர் துறையே இல்லை. பின்னாளில் கணிதத்துறையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அந்த வளாகத்தின் இயற்கையை ஆர்வத்தோடு எழுதினார். சுற்றிலும் நகரம் நெருக்கியும் அந்த 365 ஏக்கரில் இன்னமும் புதர்க்காடு பிழைத்திருப்பதற்கு, அதில் என்ன இருக்கிறது என்று எழுதிவைத்தவர்கள் ஒரு காரணம் என்பது என் எண்ணம். எழுதப்படாத காட்டை யாரும் எளிதாக வெட்டிவிடலாம். வணிகவியல் மாணவர்களும் கணினி அறிவியல் மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். காடு விலங்கியல், தாவரவியல் துறைகளின் தனிச்சொத்து கிடையாது.

இன்று எண்ணுவதற்கு வசதிகள் கூடியிருக்கின்றன. 2015-லிருந்து ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். பிப்ரவரி நடுவில் உலகம் முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பின் கிளையாக, நம் நாட்டுக் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனியாக ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை இ-பேர்டு தளத்தில் பதிவு செய்தால் போதும். பணம் வேண்டாம், பந்தல் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். பக்கத்தில் தாமிரபரணிப் படுகையில் 2011-லிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் முன்னின்று நடத்த, கல்லூரி மாணவர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். தாமிரபரணிக் குளங்களுக்கு இப்படி ஒரு தொடர்ச்சியான கணக்கு இருக்கிறது. நம் குண்டாற்றுக் கண்மாய்களுக்கும் வைப்பாற்றுக் கண்மாய்களுக்கும் அது வேண்டும். கண்மாய்க்குள் வனத்துறை நட்ட நாட்டுக்கருவேல மரங்களில் எந்த ஆண்டு எத்தனை கூடு இருந்தது என்று யாரிடமாவது ஒரு நோட்டு இருக்கிறதா? ஊர்க்காரர்கள் மனதில் இருக்கிறது. அவர்களோடு அது போய்விடக் கூடாது.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. கண்மாயில் வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது; ஊர் அதற்கு வெகு முன்பே காத்துவந்தது. வெடி செய்து வாழ்கிற ஊர்களைச் சேர்ந்தவர்கள் நாம். நம் தொழிலும் வாழ வேண்டும், அந்தக் கண்மாயும் வாழ வேண்டும். நம் மாணவர்கள் ஒரு தீபாவளிக்கு முன் அந்த ஊருக்குப் போய், அங்கே இருக்கும் பாட்டிமார்களோடு உட்கார்ந்து கேட்டுவர வேண்டும். மேடைப்பேச்சு எதுவும் அதற்கு இணையாகாது.

எண்ணி எழுதின நோட்டு எங்கே போக வேண்டும் என்பதுதான் மிச்சம். கல்லூரி நூலக அலமாரிக்கும் ஆண்டறிக்கைக்கும் மட்டும் போனால் பயனில்லை. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஊரில் என்ன மரம், என்ன மீன், என்ன நெல், என்ன மூலிகை, யாருக்கு என்ன தெரியும் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். 2020 ஜனவரிக்குள் முடிக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தபோது பல இடங்களில் அவசரம் அவசரமாக நிரப்பினார்கள். இப்போது அதைத் திறந்து, உண்மையான விவரத்தால் நிரப்புகிற பொறுப்பை உங்களைப் போன்ற முகாம்கள் எடுத்துக்கொள்ளலாம். இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி செய்தார். பட்டமில்லாத ஒரு சம்சாரி செய்த வேலை அது. பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. மண்ணுக்கும் செடிக்கும் உயிர்களுக்கும் அப்படியொரு பதிவு நமக்கு வேண்டியிருக்கிறது.

இந்தப் பதிவுக்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி கண் முன்னால் இருக்கிறது. குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும் பழைய குடைவரைகளும் உள்ள அந்த இடத்தைப் பறவை ஆர்வலர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் பல ஆண்டு நடந்து பதிவு செய்தார்கள். லகார் வல்லூறு, ராஜாளி உள்ளிட்ட ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் என்று பட்டியல் வந்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அதே பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ்தான். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்கள் எழுந்தன. கிராமசபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதைச் சாதித்தது மக்களின் உறுதி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மக்கள் பேசும்போது அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருந்தது.

ஆகவே மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராமசபை கூடுகிறபோது, சுற்றியுள்ள ஊராட்சிகளில் உங்கள் கண்மாய்க் கணக்கை ஒரு பக்கமாக எழுதி வாசியுங்கள். தமிழில் எழுதுங்கள். எந்த மடை உடைந்திருக்கிறது, எந்த வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது, எத்தனை பனை நிற்கிறது, எத்தனை கூடு இருந்தது. பேரூராட்சியான மல்லாங்கிணற்றில் அதை அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நாளைய வேலை. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும் என்பது நாட்டு நலப்பணித் திட்டத்தின் கணக்கு. அதில் ஒரு மணி நேரத்தையும் புகைப்படத்துக்கு ஒதுக்க வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கண்மாய்க் கரையில் கூடுகிறோம். முதல் 15 நிமிடம் யாரும் பேசக் கூடாது. நின்ற இடத்தில் பார்த்ததை எழுதுங்கள். பெயர் தெரியாத பறவைக்கு ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதுங்கள். கீதாரி அண்ணன்மார் இருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிறகு பனங்கொட்டை ஊன்றுகிறோம். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிவைத்த கொட்டைகள் சாக்கில் இருக்கின்றன. ஓரடி ஆழம், ஆளுக்கு ஆள் எட்டடி இடைவெளி, கரையின் வெளிச்சரிவில் மட்டும். மழை இன்னும் சில வாரத்தில் இறங்கிவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆடு மிதிக்காமல் இருக்க இலந்தை முள் வெட்டி மேலே போடுங்கள். அதற்கு அருவாள் நாலு போதும், ஊரிலேயே கிடைக்கும். ஊன்றின இடங்களைக் கரையின் தொடக்கத்திலிருந்து எண் போட்டு நோட்டில் குறித்து, ஒரு பிரதியைக் கண்மாயிலிருந்து நீர் பாய்ச்சுகிற மடைக்காரர் ஐயாவிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு முகாமும் இதே கரைக்குத்தான் வர வேண்டும் என்று உங்கள் திட்ட அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சரி என்று சொல்லியிருக்கிறார்.